தட்டில் ஒன்று, கண்ணில் ஒன்று

நூற்புழுவை வெந்நீரில் பதமாகக் கொன்றால், அது தன் இனத்துக்கு உரிய வடிவத்தில் கிடக்கும். வேர்முடிச்சுப் புழுவின் குஞ்சு கோடு போட்டதுபோல் நீளும். சுருள்புழு கடிகார வில்லாகச் சுருண்டுகொள்ளும். சிறுநீரக வடிவப் புழுவின் இளம் பெண் பிறையாக வளையும். உயிரோடு இருக்கும்வரை எல்லாவற்றுக்கும் ஒரே நெளிவுதான். நீரில் விழுந்த கண்ணாடி நூல் போல.

ஈவாஞ்சலினுக்கு ஐம்பத்துநான்கு வயது. இந்த வடிவங்களோடு முப்பது வருடமாக இருக்கிறாள். காலையில் மாப்பிள்ளையூரணியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது, உட்கார்ந்தபடியே தூங்குகிறவர்களைப் பார்ப்பாள். ஒருவர் நேராக, ஒருவர் பிறையாக, ஒருவர் ஜன்னல் கம்பியில் சுருண்டு. யாரையும் எந்த இனத்திலும் சேர்ப்பதில்லை. வெறுமனே பார்ப்பாள்.

அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடம் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கப்பல்களுக்குக் கயிறும் பெயின்ட்டும் விற்கும் கடையின் மாடியில் இருக்கிறது. வாழைத் தோட்டத்து மண், ஆத்தூர்க் கொடிக்காலின் வெற்றிலை வேர், கப்பலேறப்போகும் தென்னை நார்த்தூள் எல்லாம் பாலிதீன் பைகளில் அங்கே வரும். வெளியே கண்டெய்னர் லாரி போனால் மேசை நடுங்கும். தட்டிலுள்ள நீரில் வட்டங்கள் எழும். அவள் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பாள். வட்டங்கள் அடங்கியபின் மறுபடி குனிவாள்.

பிறந்தது நாசரேத்தில். அப்பா கணக்கு வாத்தியார். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தாள். படிப்பு முடிந்ததும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் மூன்று வருட வேலை கிடைத்தது. ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிகள் ஏன் மஞ்சளாகின்றன என்று கண்டுபிடிக்கும் வேலை. கொடியின் வேரில் மிளகு அளவுக்கு முடிச்சுகள் இருந்தன. முடிச்சைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, மினுமினுப்பாக, ஒரு பொடி முத்து. அதுதான் பெண் புழு. குஞ்சாக வேருக்குள் நுழைந்து, ஓரிடத்தில் வாயைப் பதித்து, அங்கேயே உருண்டு பருத்து, பிறகு ஒருபோதும் நகராமல் வாழ்ந்து முடிவது.

எந்த இனம் என்று தெரிய அந்த முத்தின் பின்பக்கத்தை வெட்ட வேண்டும். பிளேடின் நுனியால், நுண்ணோக்கிக்குக் கீழே. உள்ளிருப்பதைத் துடைத்துவிட்டுத் தோலை மட்டும் கண்ணாடியில் பரப்பினால், கைரேகைபோல் கோடுகள் தெரியும். ஓர் இனத்துக்கு வளைவு உயரமாக எழும்பும். இன்னொன்றுக்குத் தாழ்ந்து படுத்திருக்கும். மூன்று வருடத்தில் ஈராயிரம் முத்துகளை வெட்டினாள். கோயிலில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அந்த ரேகைகள் வரும். வயல்வரப்புபோல, அலை வற்றிய மணல்போல, ஒன்றுக்குள் ஒன்றாக. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபின்னும் கொஞ்ச நேரம் பலிபீடத்து வெள்ளைத் துணியில் இருக்கும்.

தேவதாசன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது, அவருடைய அக்கா, "பொண்ணு என்ன வேல பாக்கா?" என்று கேட்டாள்.

"புழுவோட பின்பக்கத்த வெட்டிப் பாப்பேன்" என்றாள் ஈவாஞ்சலின்.

அம்மா உள்ளேயிருந்து முறைத்தாள். தேவதாசன் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க். அவர் மட்டும் சிரித்தார்.

"நான் மூட்டைய எண்ணுதேன். அவ புழுவ எண்ணட்டும். சரியாத்தான் இருக்கும்."

இப்போது மூட்டைகள் குறைந்து கண்டெய்னர்கள் வந்துவிட்டன. அவர் அவற்றின் எண்களைச் சரிபார்க்கிறார். இரண்டு பேரும் மாலையில் வீடு வந்ததும் சிறிது நேரம் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

போன ஐப்பசியில் மழை நின்ற ஒரு காலையில் அது வந்தது. வாழை மண்ணிலிருந்து இறங்கிய நீரைத் தட்டில் ஊற்றி, கீழே விளக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தின் குறுக்கே ஒரு புழு மிதந்து போனது. நன்றாக வளைந்தது, பிறை மாதிரி. உடல் முழுக்கக் கண்ணாடி. வாய் தெரியவில்லை. வாயில் ஊசி தெரியவில்லை. செடியை உண்ணும் நூற்புழு எதுவானாலும் வாயில் ஓர் ஊசி இருக்கும். அதைக் குத்தித்தான் குடிக்கும். ஊசி இல்லாதது மண்ணில் அழுகியதைத் தின்று திரிகிற சாது. அவள் ஊசியைத் தேடி நுண்ணோக்கியின் திருகைத் திருப்பினாள். புழு ஓரத்துக்கு ஓடியது. பின்னாலேயே போனாள். மறுபடி ஓடியது. மூங்கில் சிம்பால் அதை எடுக்கப் பார்த்தாள். சிம்பு அதனூடே போய்விட்டது.

அரைமணி நேரம் துரத்தினாள். கழுத்து வலித்து நிமிர்ந்தபோது, எதிரே சுண்ணாம்புச் சுவரில் அதே புழு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

வலது கண்ணை மூடினாள். போய்விட்டது. திறந்தாள். சுவரின் மேல்மூலையிலிருந்து மறுபடி இறங்கியது.

சாயங்காலம் தேவதாசனிடம் சொன்னாள்.

"ஏளா, வெளிய பாத்தது போதாதுன்னு உள்ளயும் வளக்கியா?"

"சிரிக்காதீங்க. பூச்சி இல்ல அது. கண்ணுக்குள்ள ஏதோ நூலு மாதிரி."

"ஊசி இருக்கா அதுக்கு?"

"இல்ல."

"அப்பம் சாதுதான். கெடக்கட்டும்."

அவரே பிறகு ஒருநாள், கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். அவள் தலையாட்டினாள். போகவில்லை. அதற்குக் காரணம் கீழே, கடையை ஒட்டிய படியடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தது.

முத்துச்செல்வம் அவளுக்கு முன்னால் அந்த நுண்ணோக்கியில் உட்கார்ந்தவர். கண்ணில் புரை விழுந்து, அறுவை செய்து, கண்ணாடி மாற்றி, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவர் சொன்னார். ஆனால் ஒருமுறை அவர் எண்ணியதும் இன்னொருவர் எண்ணியதும் ஒத்துப்போகவில்லை. அதன்பின் அவர் மேலே வரவில்லை. பைகளை வாங்கிச் சீட்டு ஒட்டுகிறார். கையெழுத்து மட்டும் அச்சுப்போல் இருக்கும். தினமும் அவள் படியேறும்போது, "மேல எல்லாரும் சொகமா ஈவா?" என்று புழுக்களை விசாரிப்பார். அவள், "சொகம் அண்ணாச்சி" என்பாள். அந்த மேசையைப் பார்க்காமல் ஏறிவிடுவாள். லென்ஸிலிருந்து எழுப்பிவிட்டால் தான் என்னவாக இருப்போம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் தவிர வேறு எதைக் கொண்டும் அவள் இத்தனை வருடம் வாழ்ந்ததில்லை.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டாள். தட்டு அசையாமல் இருக்கும்போது மிதந்து போவது தன்னுடையது. சந்தேகம் வந்தால் தட்டை விரலால் ஒரு நூலளவு தள்ளிப் பார்ப்பது. தட்டோடு சேர்ந்து வந்தால் புழு. வராவிட்டால் கண்.

பத்து மாதம் இது சரியாக நடந்தது. அந்தப் பிறை அவளுக்குப் பழகிவிட்டது. வேலை முடிந்து வீடு போகும் வழியில் பஸ் உப்பளத்தை ஒட்டி ஓடும். வெயில் சாயும் நேரத்து உப்பு வெளிச்சத்தில் அது பெரிதாகத் தெரியும். பாத்திகளின் மேல், உப்புக் குவியல்களின் மேல், குனிந்து வாரும் பெண்களின் மேல் அது நீந்திப் போகும். அவள் பார்வையைத் தூக்கினால் அதுவும் எழும். நிறுத்தினால் மெல்ல அமிழும். நீரும் உப்பும் வானமும் ஒரே தட்டில் ஊற்றியதுபோல் இருக்கும்.

செந்தூர்பாண்டி என்பவருக்கு ஊருக்கு வடக்கே ஒரு களம் உண்டு. தென்னை நார்த்தூளைக் கழுவி, காயவைத்து, செங்கல்போல் அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். மண்ணில்லாமல் செடி வளர்க்கிறவர்கள் அதை வாங்குகிறார்கள். வாங்குகிற நாட்டுக்காரர்கள் தூளில் ஒரு நூற்புழுகூட இருக்கக் கூடாது என்பார்கள். அதனால் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் முன்னால் ஒரு பை தூள் இங்கே வரும்.

தூளை மெல்லிய காகிதத்தின் மேல் பரப்பி, அடியில் நீர் தொடும்படி இரண்டு நாள் வைக்க வேண்டும். உயிருள்ளவை காகிதத்தின் இழை வழியாக நீருக்குள் இறங்கிவிடும். தூங்குகிறவை விழிப்பதற்குத்தான் அந்த இரண்டு நாள். பிறகு அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டம் போட்ட தட்டில் ஊற்றிப் பார்ப்பார்கள். மண்ணுக்கும் வேருக்கும் ஒரு தட்டு போதும், கப்பலேறும் தூளுக்குத்தான் ஐந்து. பார்த்த நீரைக் கொட்டுவதில்லை. அதே புட்டியில் திரும்ப ஊற்றி ஒரு வாரம் குளிர்பெட்டியில் வைப்பது அங்கே வழக்கம்.

அந்த வியாழக்கிழமை இரண்டு நாள் ஊறிய அவருடைய தூளின் நீர் பன்னிரண்டாவதாகத் தட்டுக்கு வந்தது. நாளின் கடைசி. அதற்குச் சற்று முன்பு யாரோ கீழே ஒரு சாக்கை உதற, தூசி படியேறி வந்து அவளுடைய வலது கண்ணில் விழுந்திருந்தது. கண் கலங்கி எரிந்தது. கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மிச்சத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்து முடித்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது தட்டில் ஒரு பிறை மெல்ல மிதந்து ஓரத்துக்குப் போனது. தட்டு அசையவில்லை. என்னுடையது, என்று நினைத்தாள். விரலால் தள்ளிப் பார்க்கவில்லை. நீரைப் புட்டியில் ஊற்றிவிட்டு, தாளில் 'நூற்புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செந்தூர்பாண்டி கீழேயே காத்திருந்து தாளை வாங்கிக்கொண்டு போனார்.

பஸ் உப்பளத்தை அடைந்தபோது வலது கண் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. அதை மூடிக்கொண்டு வெளியே பார்த்தாள். உப்பு வெள்ளையாக இருந்தது. வேறொன்றும் இல்லை. பாத்திகள், குவியல்கள், ஒரு நாரை. ஒன்றும் நீந்தவில்லை.

அவளுடைய பிறை வலது கண்ணில் இருக்கிறது. இடது கண் சுத்தம். நான்காவது தட்டைப் பார்த்தது இடது கண்.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. அவள் இடது கண்ணை மூடி வலதைத் திறந்தாள். பிறை வந்தது. வலதை மூடினாள். போய்விட்டது. நாலைந்து தடவை அப்படிச் செய்தாள். பக்கத்தில் இருந்த பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டில் ஃபோனை எடுத்தாள். வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த தேவதாசனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"காலைல போயி புட்டியத் தொறந்து பாரு. இருந்தாச் சொல்லு. இல்லன்னா யாருக்குத் தெரியப்போவுது."

அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

காலை எட்டு மணிக்குக் கூடத்தில் இருந்தாள். புட்டியை வெளியே எடுத்து, சில்லிப்பு போக மேசையில் வைத்தபோதுதான் நேரம் கணக்கில் வந்தது. புழு அடியில் படிய இரண்டு மணி நேரம். பிறகு ஐந்து தட்டுகள். நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் தட்டுக்கு அரைமணி. செந்தூர்பாண்டியின் கண்டெய்னர் பதினோரு மணிக்குத் துறைமுக வாசலில் நுழையும் என்று நேற்று அவரே சொல்லியிருந்தார். நுழைந்துவிட்டால் அது கப்பலுக்குப் போய்ச் சேர்ந்ததுபோலத்தான். பார்த்துவிட்டுச் சொல்ல வழியில்லை. பார்க்காமல் சொல்ல வேண்டும்.

புட்டியில் தூளின் கஷாய நிறம் மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒன்று இருக்கிறது, அல்லது இல்லை. இருந்தால் புழுவைப் பார்த்தும் இல்லை என்று எழுதியவள். இல்லாவிட்டால் ஒன்றுமில்லாததற்காக ஒருவருடைய சரக்கை நிறுத்தியவள். எதுவானாலும் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கூடத்தின் உரிமையாளன் ஃபிராங்க்ளின் சாத்தான்குளத்துக்காரன், நாற்பது தொடாதவன். வாடிக்கையாளர் முன்னால் அவனைச் சார் என்பாள். மற்ற நேரம் தம்பி. எட்டரைக்கு அவன் மேலே வந்தபோது நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"எத்தன நாளா இருக்குக்கா இது?"

"ஐப்பசியிலேருந்து."

"பத்து மாசம். என்ட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா கீழ மேச போட்டுருவீயன்னு நெனச்சேன்."

அவன் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். இதையெல்லாம் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது என்று அவனுக்கும் தெரியும். கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தான்.

செந்தூர்பாண்டி ஒன்பதேகாலுக்கு வந்துவிட்டார். படி ஏறிய வேகத்தில் மூச்சு வாங்கியது. முத்துச்செல்வமும் பின்னால் வந்து வாசலில் நின்றார். அவர் மேலே வந்தது வருடக்கணக்குக்குப் பிறகு.

"மேடம், நேத்து நீங்கதான எழுதித் தந்தீய? இது உங்க கையெழுத்துதான?"

"ஆமா அண்ணாச்சி."

"இல்லன்னு எழுதிருக்கு. இப்பம் இருக்குங்கீய."

"இருக்குன்னு சொல்லல. இருக்கும்னு நெனைக்கேன். ஒண்ணு பாத்தேன். என் கண்ணுல உள்ளதுன்னு விட்டுட்டேன்."

செந்தூர்பாண்டி ஃபிராங்க்ளினைத் திரும்பிப் பார்த்தார். "சார், இவங்க என்ன சொல்லுதாங்க? கண்ணுல பூச்சி இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போணும். என் கண்டெய்னர எதுக்கு நிறுத்துதீய?"

"நிறுத்தச் சொல்லுறது நாங்கதான் அண்ணாச்சி. மத்தியானம் வரைக்கும்" என்றான் ஃபிராங்க்ளின். "அங்க போயி அவன் கண்டுபிடிச்சா மொத்தமும் திரும்பி வரும். அதுக்கு இங்க ஒரு நாள் கெடந்தாப் பரவால்ல."

"மத்தியானம் இல்லன்னு வந்துச்சுன்னா?"

ஃபிராங்க்ளின் புட்டியைப் பார்த்தான்.

"அப்பம் எனக்கு இவங்க கண்ணுதான் கடலு, கப்பலு எல்லாம்" என்று முணுமுணுத்துவிட்டு அவர் டிரைவரைக் கூப்பிட்டு, துறைமுக வாசலுக்கு வெளியே ஓரமாக நிறுத்தச் சொன்னார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். போகச் சொன்னாலும் போக மாட்டார் என்பதுபோல.

பத்து மணிக்கு முதல் தட்டு. மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். நேற்று அதன் காற்றுதான் தட்டு நீரை நகர்த்தியிருக்க வேண்டும். அறையில் ஆளுக்கொரு பக்கம் வியர்த்தது. தூளின் துணுக்குகள் செம்பழுப்பாக, கிழிந்த மேகம்போலக் கிடந்தன. இரண்டு கண்ணாலும் பார்த்தாள். அவளுடைய பிறை வந்து குறுக்கே நின்றது. தட்டைத் தள்ளினாள். அது வரவில்லை. போ, என்பதுபோல் இமையை அடித்தாள். அடுத்த கட்டம். அடுத்தது.

இரண்டாவது தட்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஊசியில்லாத ஒரு சாதுகூட இல்லை. பதினோரு மணி தாண்டியது. செந்தூர்பாண்டி முத்துச்செல்வத்திடம், "நீரு பாத்த காலத்துல இப்பிடி உண்டுமா?" என்று கேட்டார். "என் காலத்துல எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லல" என்றார் முத்துச்செல்வம். லாரிகள் போயின. நீரில் வட்டங்கள் வந்தன, அடங்கின.

நான்காவது தட்டில், கீழ்வரிசையின் மூன்றாம் கட்டத்தில், ஒரு நார்த்துணுக்கின் நிழலில் அது கிடந்தது.

அவள் விரலால் தட்டை ஒரு நூல் தள்ளினாள். கூடவே வந்தது. இன்னொரு நூல். வந்தது. வலது கண்ணை மூடினாள். இருந்தது. அது மெல்ல ஒருமுறை நிமிர்ந்து மறுபடி வளைந்தது, தூக்கத்தில் புரள்வதுபோல.

சிறுநீரக வடிவப் புழுவானால் எங்கிருந்து வந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கரிசல் மண்ணில் முட்டையிலிருந்து வந்தபின் இது எதையும் தின்பதில்லை. பட்டினியாகவே மூன்று முறை தோலுரிக்கும். உரித்த தோலை விடாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறுகும். மண் காய்ந்தால் அந்தப் போர்வைகளுக்குள் அப்படியே உறங்கும். ஒரு வருடம், இரண்டு வருடம். வெயில் போகும், காற்று போகும், மேலே ஆள் நடப்பான். ஈரம் தொட்டால் போர்வைகளை விட்டு வெளியே வரும். ஆண் புழு சாகும்வரை எதையும் தின்னாது. பெண் மட்டும் ஒரு வேரைத் தேடி, முன்பாதியை உள்ளே நுழைத்து, பின்பாதியை வெளியே விட்டு, மொச்சைக்கொட்டைபோல் வீங்கி, முட்டையிடத் தொடங்கும். இது இன்னும் வேரைக் காணாதது. செங்கல்போல் அழுத்திய தூளுக்குள் உறங்கியபடி கடல் தாண்ட இருந்தது.

"அண்ணாச்சி, வந்து பாருங்க" என்றாள்.

செந்தூர்பாண்டி எழுந்து வந்து குனிந்தார். கண்ணை இடுக்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டு இருக்கே."

ஃபிராங்க்ளின் பதறி எட்டிப் பார்க்க வந்தான். ஈவாஞ்சலின் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ரெண்டையும் பாத்துக்கிட்டே இருங்க. நான் தட்ட நகத்துதேன்." நகர்த்தினாள். "எது கூட வருது?"

"ஒண்ணு வருது."

"மத்தது?"

"அது... நான் பாக்குத பக்கம்லாம் போவுது."

"கூட வாரது உங்க சரக்கு. வராதது உங்க கண்ணு."

அவர் நிமிர்ந்தார். எதிரே ஜன்னலின் வெளிச்சத்தைப் பார்த்தார். தலையை ஒருமுறை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் எங்கோ வழி தவறிவிட்டது.

"ஏலே, இது ரொம்ப நாளா இருக்கு" என்றார் யாரிடமும் இல்லாமல். "நான் ஏதோ தூசின்னு தொடச்சுக்கிட்டே இருந்தேன்."

முத்துச்செல்வம் சிரித்தார்.

அவள் புழுவை மூங்கில் சிம்பின் நுனியில் எடுத்தாள். இம்முறை சிம்பு ஊடே போகவில்லை. சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு நீரில் விட்டு, மேலே வெந்நீரை ஊற்றினாள். அது ஒருமுறை நெளிந்து பிறையாக வளைந்து நின்றது. இனி மாறாது. பெரிய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். கூம்பான தலை. ஊசி. ஊசியின் அடியில் மூன்று குமிழ்கள். மற்ற இனங்களுக்கு அந்தக் குமிழ்களை ஒட்டியே சுரப்பியின் வாய் திறக்கும். இதற்கு அப்படி இல்லை. ஊசியின் நீளம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் பின்னால் தள்ளித் திறந்தது. அந்த ஒரு இடைவெளிதான் அடையாளம். வேறொன்றும் வேண்டாம். அளவெடுத்து எழுதினாள். ஃபிராங்க்ளின் பார்த்தான். "ரெனிஃபார்ம்தான்" என்று சிறுநீரக வடிவப் புழுவின் ஆங்கிலப் பெயரை மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, ஒங்க களத்துல தளம் போடாத எடம் உண்டுமா?" என்று ஈவாஞ்சலின் கேட்டாள்.

"மேக்க மூலையில கொஞ்சம். தளம் நெறஞ்சு போச்சுன்னு போன மாசம் அங்கன கொட்டிக் காயவச்சானுவ."

"அந்த எடத்துல முன்ன என்ன வெதச்சிருந்தாவ?"

"பருத்தி. கரிசல்லா அது. ரெண்டு வருசத்துக்கு முன்ன வாங்கும்போது காஞ்ச செடிமாறு அப்பிடியே நின்னுச்சு."

அவள் தலையாட்டினாள். பருத்தி வேர் அதற்குப் பிடிக்கும்.

"அந்த மூலையில காஞ்சத மட்டும் தனியாப் பிரிச்சுருங்க. மத்தத மறுபடி கழுவித் தளத்துல காயவச்சு, புதுசா ஒரு பை கொண்டாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து நேற்றைய தாளை எடுத்து மேசையில் வைத்தார். அவள் அதன் குறுக்கே கோடு போட்டாள். புதுத் தாளில் எழுதினாள். முத்துச்செல்வம் அதை வாங்கி, இனத்தின் பெயரைத் தன் அச்செழுத்தில் மறுபடி எழுதிக் கொடுத்தார். ஈவாஞ்சலினின் எழுத்து கோணியிருந்ததால்.

எல்லோரும் இறங்கிப் போனபின் ஃபிராங்க்ளின் ஜன்னலோரம் நின்றான்.

"தம்பி, கீழ இன்னொரு நாற்காலி போடணும்னா போட்டுருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றாள். நினைப்பாள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"ஒவ்வொரு தட்டுலயும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நகத்திப் பாத்து, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாத்து செஞ்சா, ஒரு நாளைக்கு எத்தன பாப்பீய?"

அவள் யோசித்தாள். கூட்டிச் சொல்லலாம் என்று தோன்றியது.

"ஏழு."

"பன்னெண்டு வருதேக்கா."

"ஏழுதான் முடியும்."

வெளியே கிரேன் ஒன்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. அது இறங்கும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, ஏழு. நாளைக்குப் போயி கண்ணக் காட்டிட்டு வந்துருங்க. டாக்டர் வேண்டாம்னு சொன்னா அப்பம் வேற பேசுவோம்."

டாக்டர் சொட்டுமருந்து விட்டு, கண்மணி விரிந்தபின் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வயதானால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் இளகி இழைவிடும், விழித்திரையில் கோளாறில்லை, பழகிக்கொள்ளுங்கள் என்றார். அன்று முழுவதும் உலகம் விளிம்பில்லாமல் இருந்தது. தேவதாசன் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தார். கண்டெய்னர்கள், கோயில் கோபுரம், மீன் விற்கிறவளின் கூடை, எல்லாம் கரைந்து வெள்ளையாக வழிந்தன. "எத்தன வெரலு?" என்று அவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். அவள் ஒவ்வொரு முறையும் அவருடைய கையைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

இப்போது அவள் ஏழுதான் பார்க்கிறாள். மெதுவாக. ஏழு முடியும்போது மாலையாகிவிடுகிறது. வேம்பாரிலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் பையோடு வருகிறவர்கள் சிலர் கீழே சத்தம் போடுகிறார்கள். இதென்ன ரேஷன் கடையா என்கிறார்கள். முத்துச்செல்வம் நிமிராமல் சீட்டு எழுதிக்கொண்டே, "மேல ஒரு ஆள் பாத்துக்கிட்டு இருக்காவ. நாளைக்கு வாங்க" என்கிறார். எட்டாவது பை மேசைக்கு அடியில், ஈரத்துணி போர்த்தி, காலைவரை இருக்கும்.